செவ்வாய்க்கிழமை பூப்பந்து வகுப்பு: பிள்ளையை அனுப்பலாமா?

போன வாரம் கடைக்குச் சேலை எடுக்க வந்த ஓர் அக்கா, "உன் மகள் போகிற பூப்பந்து வகுப்பு எப்படிம்மா? என் பையனைச் சேர்க்கலாமா?" என்று கேட்டார். கல்லாவில் ஒரே கூட்டம். "சேர்க்கலாம்க்கா, ஆனால்..." என்று ஆரம்பித்தேன், அதற்குள் அடுத்த ஆள் பில்லை நீட்டிவிட்டார். அந்த "ஆனால்" கொஞ்சம் நீளமானது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தப் பேட்மிண்டன் வகுப்பு நடப்பது கோலாலம்பூரில் செந்தூல் பக்கம், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு பொது மண்டபத்தில். 7 வயதிலிருந்து 15 வரை யார் வேண்டுமானாலும் சேரலாம். நடத்துவது பொதுப்பணத்தில். எந்த அலுவலகத்தின் பணம் என்று எழுதப் போவதில்லை. அங்கே கவுன்டரில் இருக்கும் பெண் எனக்கு நல்லபடியாகத்தான் பதில் சொன்னார், என்னால் அவருக்கு வம்பு வர வேண்டாம்.

மகளை 2023இல் சேர்த்தோம். அப்போது ஆண்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), அதிலேயே ஒரு டீ-சட்டையும் கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று மாலை. நான்கு கோர்ட், ஒரு கோர்ட்டுக்கு ஆறு பிள்ளைகள், மிஞ்சினால் ஏழு. கோச் ஒரு சீன அங்கிள். அவருக்கு உதவியாக ஓர் இளம் மலாய்ப் பெண், பிள்ளைகளுக்கு அவர் 'காக்', மலாயில் அக்கா. ஷட்டல் இறகு ஷட்டல்தான், பெரிய பிளாஸ்டிக் கூடை நிறைய இருக்கும். கூடையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, வலைக்கு அந்தப் பக்கமிருந்து கோச் தட்டிக்கொண்டே இருப்பார். இடது மூலை, வலது மூலை, வலை ஓரம், திரும்பவும் பின்னால். மகள் மூன்று நிமிடத்தில் முகம் சிவந்து மூச்சு வாங்குவாள். "லாகி, லாகி", இன்னும், இன்னும் என்பார் அங்கிள். அழுகை வருகிற மாதிரி இருக்கும், ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதையே அப்பாவிடம் பெருமையாகச் சொல்வாள்.

இப்போது வாரத்துக்கு ஒரே நாள், செவ்வாய் 7.30 முதல் 9 வரை. மாதம் 40 வெள்ளி. சட்டை தனிக்காசு. காக் இல்லை. நான்கில் இரண்டு கோர்ட்டுக்குத்தான் விளக்கு போடுகிறார்கள், அதில் 28 பிள்ளைகள். கூடையில் இருப்பது நைலான் ஷட்டல்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வியாழக்கிழமை போனது, நோன்பு மாதம் என்றார்கள், நோன்பு முடிந்தும் திரும்பவில்லை. அப்புறம் காக் வருவது நின்றது. அதற்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் மலாயில் ஓர் அறிவிப்பு: 'பெலாராசான் பெருந்துக்கான்'. பெருந்துக்கான் என்றால் ஒதுக்கீடு, பெலாராசான் என்றால் சரிசெய்தல். ஒதுக்கீட்டைச் சரிசெய்கிறார்களாம். நான்கூட முதலில் இன்னும் நல்லபடியாகச் செய்யப் போகிறார்கள் என்று நினைத்து கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டேன். பக்கத்து புளோக் தாய் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, காசை வெட்டிட்டாங்க, நீங்க நன்றி சொல்றீங்க" என்றார்.

எனக்கு வேலை மஸ்ஜிட் இந்தியா கடைவீதியில் ஒரு சேலைக் கடையில், ஸ்டாக் எண்ணுவது. எண்ணுகிற பழக்கம் கடையோடு நிற்பதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் மகள் எத்தனை முறை ஷட்டலை அடிக்கிறாள் என்று எண்ணினேன். ஒன்றரை மணி நேரத்தில் 61 முறை. கைநழுவி விழுந்தது, வலையில் பட்டது எல்லாம் சேர்த்து. முன்பு கோச் கூடையோடு நின்றால் மூன்று நான்கு நிமிடத்தில் அடித்துவிடுகிற எண்ணிக்கை அது. மீதி நேரம் வரிசையில் நிற்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், தோழியின் பின்னலை அவிழ்த்துப் பின்னுகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கோர்ட் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். அதில் பதினான்கு பேரை விட்டால் கோச் வேறு என்னதான் செய்வார்?

கோச்சைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும். அவருக்குச் சம்பளம் குறைந்ததா என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் வெட்டு வந்த பிறகு அவர் சொல்லித்தரும் விதமே மாறிவிட்டது. ஷட்டலும் கோர்ட்டும் போதாது என்று தெரிந்ததும், காசு கேட்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டார்: ஷேடோ. கையில் ரேக்கெட் மட்டும், ஷட்டல் கிடையாது. அவர் முன்னால் நின்று விரலால் மூலையைக் காட்டுவார், பிள்ளை அங்கே ஓடி, இல்லாத ஷட்டலை அடித்து, நடுவுக்குத் திரும்ப வேண்டும். விளக்கு போடாத கோர்ட்டிலும் இது நடக்கும். இருட்டுக்கு நடுவே பத்துப் பிள்ளைகள் காற்றை அடித்துக்கொண்டிருப்பார்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் உண்மையைச் சொன்னால், என் மகளின் கால் இப்போது முன்பைவிட நன்றாகப் போகிறது. முன்பெல்லாம் தடதடவென்று ஓடுவாள், இப்போது கடைசி அடியை நீட்டி வைத்து நிற்கிறாள். இதை அந்த மனிதரின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

கை வேறு கதை. பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஒன்றுக்குப் போனோம். அங்கே இறகு ஷட்டல். எதிராளி உயரமாகத் தூக்கி அடித்தாள். என் மகள் பழக்கதோஷத்தில் பின்கோட்டுவரை ஓடிப்போய் ரேக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், ஷட்டல் அவளுக்கு ஓரடி முன்னால் தலைகீழாக இறங்கிவிட்டது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. 21-9, 21-11. காரில் வரும்போது, "ம்மா, அந்த ஷட்டல் சீக்கிரம் விழுந்துடுது" என்றாள். அவள் சொன்னது சரி. இறகு ஷட்டல் அடித்ததும் வேகமாகக் கிளம்பும், பிறகு சட்டென்று வேகம் குறைந்து செங்குத்தாக இறங்கும். நைலான் அப்படிச் செய்யாது, இழுத்துக்கொண்டே போகும். ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றில் ஆடுவது, மண்சட்டியில் சமைத்துப் பழகியவளைத் திடீரென்று பிரஷர் குக்கர் முன்னால் நிறுத்துவது மாதிரி.

ஏன் நைலான் என்றால் விலை. ஒரு ஷட்டலில் 16 இறகுகள், எடை ஐந்து கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஓர் இறகு ஒடிந்தாலும் தள்ளாட ஆரம்பிக்கும், எறிய வேண்டியதுதான். ஒரு டியூபில் 12. நாங்கள் முன்பு 75 வெள்ளிக்கு வாங்கிய ரகம் இப்போது 100ஐத் தாண்டிவிட்டது. 28 பிள்ளைகள் ஒரு மாலைக்கு எத்தனை டியூபைக் காலி செய்வார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நைலான் ஒன்று வாங்கினால் வாரக்கணக்கில் ஓடும்.

கவுன்டர் பெண்ணிடம் போய்க் கேட்டேன் என்றேன் அல்லவா? அவர் சொன்னது இது. இளையோர் விளையாட்டுக்கென்று தனியாக ஒரு கணக்கே கிடையாதாம். 'சமூக நடவடிக்கை' என்ற ஒரே தலைப்பில்தான் இதுவும் வருகிறது. பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பு, கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுத் துப்புரவு, முதியோர் உடற்பயிற்சி, நாற்காலி வாடகை, எல்லாம் அதே பையில். பையைச் சுருக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தால், எதைக் குறைத்தால் புகார் வராதோ அதில்தான் முதலில் கை வைப்பார்கள். குப்பை எடுக்காவிட்டால் மறுநாளே போன் வரும், சாலை விளக்கு எரியாவிட்டால் ஃபேஸ்புக்கில் படம் வரும். "ஷட்டல் இல்லன்னு யாரும் போன் பண்றதில்ல அக்கா" என்றார். அதிகாரியிடம் பேச வேண்டுமானால் கடிதம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கிடைத்தது என்று ஒரு சிவப்பு முத்திரை குத்தித் தந்தார்கள். அந்த நகல் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

வீட்டுக்காரர் சொல்வார், வெளிநாட்டில் என்றால் வட்டாரத்துக்கு ஒரு கவுன்சிலர் இருப்பார், அடுத்த தேர்தலில் வைத்துக்கொள்ளலாம் என்று. நம் நாட்டில் உள்ளாட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள், 1976ஆம் ஆண்டின் சட்டத்தோடு அது முழுசாகவே போய்விட்டது. வீட்டு வரி மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும், கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் போகலாம், போன பெற்றோரும் உண்டு. அங்கே ஒருமுறைக்கு உதவி கிடைக்கும். மாதாமாதம் ஷட்டல் வாங்க அது ஆகாது.

இதற்கிடையே பெற்றோர் சிலர் சேர்ந்து ஆளுக்கு 15 வெள்ளி போட்டு இறகு ஷட்டல் வாங்கினோம். நல்ல எண்ணம்தான். ஆனால் மூன்றாவது மாதமே சங்கடம் ஆரம்பித்தது. காசு போட்டவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் இறகு, மற்றவர்களுக்கு நைலான் என்று ஒருவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். கோச் அதற்கு ஒப்பவில்லை. கூடையில் எல்லாவற்றையும் கலந்து கொட்டிவிட்டார். அந்த மாலை ஒரு ஷட்டல் இப்படிப் போகிறது, அடுத்தது அப்படிப் போகிறது, பிள்ளைகளுக்கு ஒரே குழப்பம், எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் வருவார்கள், மேல்மாடி வீட்டுப் பையன்கள். பெரியவன் ஆறாம் ஆண்டு, இடதுகைக்காரன், வகுப்பிலேயே நல்ல ஆட்டக்காரன். மாதக் கட்டணம் 40 ஆன பிறகு இருவரும் வரவில்லை. அவர்கள் அம்மாவை லிப்ட்டில் பார்த்துக் கேட்டேன். "பெரியவனுக்குப் பரீட்சை வருது அக்கா, அதான்" என்றார். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆர் அரசுப் பரீட்சையை 2021லேயே எடுத்துவிட்டார்கள். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் தலையாட்டினேன், லிப்ட் வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கு 80 வெள்ளி. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும், 1992. பூப்பந்தில் ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கிண்ண இறுதி ஆட்டம் இதே கோலாலம்பூரில், ஸ்டேடியம் நெகாராவில். இந்தோனேசியாவை 3-2 என்று ஜெயித்தோம். எங்கள் வீட்டில் சின்ன டிவி, பக்கத்து மூன்று வீட்டுச் சனமும் தரையில். அதற்கு முன்னால் நாம் ஜெயித்தது 1967இல் என்று அப்பா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் ஃபிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, துணி காயப்போடும் கயிற்றை வலையாகக் கட்டி ஆடினோம். என் மகள் அலமாரிக் கதவில் நம் நாட்டு இரட்டையர் ஆட்டக்காரி தீனாவின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். பெர்லி டானும் தீனாவும் 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கம், 2025இல் பாரிஸ் உலகப் போட்டியில் வெள்ளி. அந்த வெள்ளி வேறு, நான் எண்ணிக்கொண்டிருக்கும் வெள்ளி வேறு.

தனியார் அகாடமியிலும் விசாரித்தேன். மாதம் 180 வெள்ளி, வாரத்துக்கு இரண்டு முறை, ரப்பர் தரை, பக்கவாட்டில் விளக்கு, ஏசி போட்ட காத்திருப்பு அறை. எல்லாமே நன்றாக இருக்கிறது. அங்கே இருந்த கோச் என் மகளின் பெயரைக் கேட்கவில்லை. எங்கள் அங்கிளுக்கு 28 பேர் பெயரும் தெரியும், யாருக்கு ஆஸ்துமா என்றும் தெரியும்.

சரி, நட்சத்திரம் போடச் சொன்னால் கோச்சுக்கு ஐந்து. மண்டபத்துக்கு இரண்டு. நிர்வாகத்துக்கு ஒன்று, அதுவும் கவுன்டர் பெண்ணுக்காக. பிள்ளை புதிதாகக் கற்கிறதா, ஏழு எட்டு வயதா, தாராளமாக அனுப்புங்கள். இந்தக் காசுக்கு இப்படிக் கால் பழக்கிவிடுகிறவர் வேறெங்கும் கிடைக்க மாட்டார். போட்டிக்கு ஆடும் பிள்ளை என்றால் செவ்வாய்க்கிழமை மட்டும் போதாது. சனிக்கிழமை காலையில் எங்காவது ஒரு மணி நேரம் கோர்ட் எடுத்து இறகு ஷட்டலில் ஆட விடுங்கள். நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து அப்படித்தான் செய்கிறோம், அந்த இடதுகைப் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அவன் அம்மாவிடம், ஆள் குறைகிறது, இரட்டையருக்கு ஒருவர் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வருகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். மழை பெய்தால் இரண்டாம் கோர்ட்டின் பின்மூலையில் ஒழுகும், வாளி வைத்திருப்பார்கள், பிள்ளையை அந்தப் பக்கம் நிற்க விடாதீர்கள். ஷட்டல் காற்றில் தள்ளிப்போகும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், ஆகவே பெரிய தண்ணீர் போத்தல், மாற்றுச் சட்டை. ஷூ தரையில் கறை படுத்தாத ரகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காவலர் உள்ளே விடமாட்டார். கழிவறைச் சாவியும் அவரிடம்தான். காரை 7.15க்குள் நிறுத்திவிடுங்கள், அதற்குப் பிறகு மாமாக் சாப்பாட்டுக் கடை ஓரத்தில் இரட்டை வரிசைதான். சொந்த ஷட்டல் கொண்டு வந்தால் டியூபின் மூடியிலும் அடியிலும் பெயர் எழுதுங்கள். நான் மூடியில் மட்டும் எழுதினேன். மூடி திரும்ப வந்தது.