ஜூலு பாசிமணியின் நிறம்: ஓவியமா, போட்டோவா?

1847-ல் ஜார்ஜ் பிரெஞ்ச் ஆங்கஸ் என்ற 25 வயது ஆங்கிலேய ஓவியர், இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த நேட்டாலுக்கும் ஜூலு நாட்டுக்கும் போனார். மன்னர் எம்பாண்டேயை நேரில் பார்த்து வரைந்தார். 1849-ல் லண்டனில் அந்தப் படங்கள் 30 கல்லச்சுப் பிரதிகளாக, கையால் வண்ணம் தீட்டி வெளிவந்தன. அப்புறம் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் போட்டோ ஸ்டூடியோக்கள் வந்தன. அந்தக் கால ஜூலு வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள எதை நம்புவது? பலரும் யோசிக்காமல் போட்டோ என்பார்கள். உடைக்கும் அணிகலனுக்கும் நான் ஆங்கஸைத்தான் முதலில் எடுப்பேன்.

காரணம் நிறம். கறுப்பு வெள்ளை என்பது மட்டும் இல்லை சிக்கல். அன்றைய போட்டோவுக்குப் பயன்பட்ட, கொலோடியன் என்ற கரைசல் பூசிய கண்ணாடித் தகடு நீலத்தை வெளிச்சமாகவும் சிவப்பை இருட்டாகவும்தான் பதிவு செய்யும். நீல மணி கோர்த்த கழுத்தணி போட்டோவில் வெள்ளையாகத் தெரியும், சிவப்பு மணி கறுப்பாகிவிடும். மணமான பெண்கள் உச்சியில் முடிந்து செங்காவி பூசிய கொண்டையும் வெறும் கறுப்பு முடியாகிவிடும். ஜூலு மணி வேலையில் நிறச் சேர்க்கைதான் பேசும். காதலனுக்காக ஒரு பெண் கோர்த்த பட்டையில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதுதான் சேதி. போட்டோவில் அந்தச் சேதி அழிந்துபோகிறது. ஆங்கஸிடம் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது.

அவரை முழுக்க நம்பிவிடவும் முடியாது. பழைய ஜூலு மன்னர் ஷாகாவின் உடன்பிறந்தார் மகன் என்று குறிப்பிட்டு உத்திமுனி என்பவரை வரைந்திருக்கிறார். கேடயம், இறகு, தொங்கும் விலங்குத் தோல் வால்கள் எல்லாம் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்ததுபோல இருக்கின்றன. உடம்பு மட்டும் ஐரோப்பியச் சிற்பக்கூடத்திலிருந்து இறங்கி வந்ததுபோல நிற்கிறது.

சரி, முகத்துக்கு? அங்கே போட்டோ ஜெயிக்கிறது. 1879 ஆகஸ்ட் 28 அன்று ஆங்கிலேயரிடம் பிடிபட்டு நாடு கடத்தப்பட்ட ஜூலு மன்னர் செட்ஷ்வாயோ, 1882-ல் விக்டோரியா ராணியைச் சந்திக்க லண்டன் போனார். அங்கே அலெக்சாண்டர் பசானோ அவரைப் படம் எடுத்தார். மணமான ஆண்கள் தலைமுடியோடு சேர்த்துத் தைத்து மெருகேற்றிய தலை வளையம் அதில் தெரிகிறது. அதைவிட அந்தக் கண்கள். தோற்றுப்போன ஒரு மனிதரின் களைப்பு என்று நான் அதைப் படிக்கிறேன். இதை எந்த ஓவியரும் எனக்குக் காட்டவில்லை.

ஆனால் ஸ்டூடியோ படங்கள் எல்லாம் இப்படி இல்லை. ‘ஜூலு வீரர்’ என்று விற்ற அட்டைகளைப் பார்க்கும்போது முதலில் காலடியைப் பாருங்கள். ஆள் அசையாமலிருக்கத் தலையைப் பின்னாலிருந்து தாங்கும் இரும்புக் கம்பத்தின் அடிப்பாகம் சில படங்களில் குதிகாலுக்குப் பின்னே எட்டிப்பார்க்கும். பின்னால் திரைச்சீலை. கையில் இருக்கும் ஈட்டி அவருடையதா, ஸ்டூடியோக்காரருடையதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஆங்கிலேயருக்கும் ஜூலுக்களுக்கும் நடந்த போரின் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1879 ஜனவரி 22, இசண்டுல்வானா: ஆங்கிலேயர் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த சண்டை. லண்டன் பத்திரிகைகளின் மரச்செதுக்குப் படங்கள் கற்பனை. சார்ல்ஸ் ஃப்ரிப்பின் 1885 எண்ணெய் ஓவியமும் அப்படித்தான், அவர் நேட்டாலுக்கு வந்ததே சண்டைக்குப் பிறகு. பின்னாளில் எடுத்த போட்டோக்களில் இருக்கும் குன்றும் உடைந்த வண்டிகளும் எனக்குப் போதும்.

கடைசியாக, குடியேறிகளின் வீட்டுப் படங்கள். 1849 முதல் 1851 வரை சுமார் 5,000 பிரிட்டிஷார் நேட்டாலில் குடியேறினார்கள். அவர்களின் குடும்ப ஆல்பங்களில் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெயர் எழுதியிருக்கும். ஓரமாக நிற்கும் ஜூலு வேலைக்காரருக்குப் பெரும்பாலும் இருக்காது. 1860-ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் படங்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஆங்கஸின் படத்துக்கு அடியிலோ உத்திமுனி என்று அச்சடித்திருக்கிறது.