பாளையங்கோட்டையில் விலைக்கு நிற்கும் ‘இடைக்கால’ கணப்படுப்பு செட்

பாளையங்கோட்டையில் பழைய மரச்சாமான் விற்கும் கடை ஒன்றில் ஐரோப்பியக் கணப்படுப்புச் சாமான் ஒரு செட் நிற்கிறது; கணப்படுப்பு என்றால் வீட்டுக்குள் குளிர்காய விறகு எரிக்கும் அடுப்பு. விறகுத் தாங்கி ஒரு ஜோடி, கிளறும் கம்பி, கிடுக்கி, சாம்பல் கரண்டி, இவற்றை மாட்ட ஒரு ஸ்டாண்டு. சீட்டில் ‘இடைக்காலம்’ (ஐரோப்பாவில் சுமார் 5 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை) என்று போட்டு 38,000 ரூபாய் கேட்கிறார்கள். மலைப்பக்கம் விடுதி கட்டுகிறவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும்.

சீட்டை நம்ப வேண்டாம். கருவிகளைச் சேர்த்து ஸ்டாண்டில் மாட்டுவதே 19-ஆம் நூற்றாண்டை ஒட்டி வந்த பழக்கம். இந்த ஸ்டாண்டின் அடியில் கரண்ட் வெல்டிங் தடம் வேறு. கிரைண்டர் போட்டுத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

தாங்கிகள் சங்கதி வேறு. கிடைக்கம்பியின் முனையை நிற்கும் கம்பியின் துளையில் செருகி, மறுபக்கம் அடித்துப் பரப்பியிருக்கிறார்கள். துரு அரித்த இடத்தில் மரத்தின் ரேகை மாதிரி நீளக் கோடுகள். இரும்பு உருக்கும்போது உள்ளே தங்கி, அடிக்கும்போது நீண்டுபோன கசடு அது; தேனிரும்பில்தான் (அடித்து உருவாக்கும் பழைய வகை இரும்பு, wrought iron) இருக்கும். 1856-ல் உருகிய இரும்பில் காற்றை ஊதி எஃகு செய்யும் பெசிமர் முறை வந்தபிறகு மலிவு எஃகு மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. ஆனாலும் தேனிரும்பு அதற்குப் பிறகும் ஓடியது. ஆகவே பழசுதான்; இடைக்காலம் என்பதற்குச் சாட்சி இல்லை. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, தேனிரும்பு, எஃகு இரண்டிலும் ஒட்டும். மறைவான இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கத் தேய்த்து, வினிகர் துணியை ஒரு ராத்திரி சுற்றி வைத்தால் கோடு எழும்பும்.

இடதுபக்கத் தாங்கியின் கிடைக்கம்பி நடுவில் மெலிந்து தொய்ந்திருக்கிறது. தீ படும் இடம் ஒவ்வொரு முறையும் செதிள் செதிளாக உதிர்வதால் வரும் கோளாறு. கொல்லாசாரி பட்டறையில் புதுக் கம்பி அடித்துச் செருகச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்தால் கசடு காரணமாகப் பக்கத்திலேயே விரிசல் விடலாம்.

இதன்மேல் விறகு மட்டும்தான். முன்னால் இரண்டு கால், பின்னால் ஒற்றைக் கால். கொடைச் சாப்பாட்டுக்கு அண்டா ஏற்றினால் சாய்ந்துவிடும்.

ஐப்பசி மழை ஈரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, புகை வரும்வரை சூடுகாட்டித் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் காயாமல் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். துரு நீக்க ஆசிட்டில் முக்கினால் இணைப்புக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும்.

கடையில் பிரித்தும் தருகிறார்கள். தாங்கி ஜோடியும் கிடுக்கியும் 15,000-க்குள் படிந்தால் வாங்கலாம். பில்லில் ‘பழைய தேனிரும்பு’ என்று மட்டும் எழுதி வாங்குங்கள்.