பின் ஹீற்றருக்குப் புது றப்பர் போட்டதாகச் சொல்லி 780 டொலர் வாங்கினார்கள்: பழைய வான் வைத்திருப்பவர்கள் கவனம்

எங்களுடையது 2006 டொயோட்டா சியன்னா வான். அந்த வயது சியன்னா வைத்திருக்கிற ரொறன்ரோக்காரருக்கு இந்தக் கதை பாதி தெரிந்திருக்கும். பின் இருக்கைகளுக்குச் சூடு கொடுக்க, எஞ்சின் பக்கத்திலிருந்து இரண்டு குழாய்கள் வானின் அடியால் பின்பக்கம் வரை போகின்றன. குளிர்காலம் முழுக்கத் தெருவில் கொட்டுகிற உப்பு அந்தக் குழாய்களைத் தின்றுவிடும். குழாய் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் வளைந்த றப்பர் துண்டுகள் இருக்கும், இத்தனை வருடத்தில் அவை கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும்.

டிசம்பரில் வாசலில் கிடந்த பனிக்கு மேல் இளஞ்சிவப்பாகச் சொட்டுகள். வானுக்குப் பக்கத்தில் நின்றால் சீனிப்பாணி காய்ச்சுகிற மாதிரி ஒரு இனிப்பு மணம். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்வித்துத் தான் சூடாகி ஹீற்றருக்கும் போகிற திரவம், ஒழுகுகிறது என்று எனக்கே விளங்கிவிட்டது. ஸ்காபரோவில் தெரிந்தவர் ஒருவர் சொன்ன கராஜில் கொண்டுபோய் விட்டேன். "450க்குள்ள முடியும் அண்ணை, நாளைக்குப் பின்னேரம் எடுக்கலாம்" என்றார் முதலாளி. எழுத்தில் ஒன்றும் இல்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அழைப்பு வந்தது. "றப்பர் ஏறுதில்லை அண்ணை, துருப்பிடிச்சுக் குழாய் ஊதிப்போச்சு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரிஜினல் றப்பரே போடவேணும், 780 வரும். கைக்காசாத் தந்தா வரி இல்லை." வேலைக்கு நடுவில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். 13 வீத வரியில் நூறு டொலர் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டது, சரி என்றுவிட்டேன். அந்தச் சரிதான் என்னை விழுத்தினது.

வானை எடுத்தபோது முன்பக்கம் நல்ல சூடு. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். இரண்டாம் நாள், கடைசி வரிசையில் இருந்த மகள் கால் விறைக்கிறது என்று சொல்லப் பின்பக்கம் காற்று வருகிற வென்ற்றில் கையை வைத்துப் பார்த்தேன். பச்சைத்தண்ணீர் மாதிரிக் குளிர்க் காற்று. அழைத்துக் கேட்டால், "உள்ளுக்குக் காற்று அடைபட்டிருக்கும் அண்ணை, ஓட ஓடச் சரிவரும்." கூலன்ட் மாற்றினால் காற்று அடைபடுவது உண்மைதான், அதனால் நம்பினேன். அரை உண்மையை வைத்து ஆளை நம்பவைப்பது லேசு. இரண்டு கிழமை ஓடினேன். ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் வெப்ப முள் மேலே ஏறத் தொடங்க, ஓரமாக விட்டு நிறுத்தி, இழுவை வண்டிக்குச் சொல்லவேண்டியதாகிவிட்டது.

இந்த முறை போனது மார்க்கம் நகரப் பக்கம், தன் மருமகனுடைய கராஜில் கைகொடுக்கிற ஒரு வயதானவரிடம். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டின காலத்து மெக்கானிக், அங்கே ஹீற்றரைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார், இங்கே வந்துதான் பழகியிருக்கிறார். வானை உயர்த்திவிட்டு "தம்பி, இங்க வாரும்" என்று கூப்பிட்டார்.

எஞ்சின் பக்கத்தில், பின்னுக்குப் போகும் குழாய்கள் தொடங்கவேண்டிய இடத்தில், ஒரே ஒரு நேர் றப்பர் குழாயை வளைத்து இரண்டு வாயையும் ஒன்றோடொன்று பொருத்தியிருந்தார்கள். அவ்வளவுதான் வேலை. பின்னுக்குப் போகிற குழாய்கள் இரண்டும் வாய் திறந்தபடி தொங்கின. பின்பக்கத்தில் வெடித்துக் கிடந்தது பழைய றப்பரேதான், கம்பனி போட்ட கிளிப்பும் துருவோடு அப்படியே இருந்தது, ஒருவர் கையும் படவில்லை. நேர்க் குழாயை வலிந்து வளைத்ததால் நடுவில் மடிந்து நசுங்கியிருந்தது. இரண்டு நுனியிலும் கறுப்புக் கிறீஸ். ஏறாத றப்பரை ஏற்றக் கிறீஸைப் பூசித் தள்ளியிருக்கிறார்கள், பிறகு திருகுக் கிளாம்பை வெட்டுகிற அளவுக்கு இறுக்கியிருக்கிறார்கள். அவர் நகத்தால் அழுத்திக் காட்டினார், ஊதிப்போய் ஊறின பாண் மாதிரிப் பதிந்தது. ஒழுக்கும் அந்த இடத்தில்தான்.

ஹீற்றர் குழாய்க்குப் பாவிக்கும் ஈபிடிஎம் என்கிற செயற்கை றப்பருக்குப் பெற்றோலிய எண்ணெய் ஆகாது. கிறீஸ், எஞ்சின் ஒயில் எது பட்டாலும் ஊதி இளகிவிடும். "வழுக்கவும் வேணும், பிறகு காயவும் வேணும். கிறீஸ் காயாது, சவுக்காரத் தண்ணி காயும்" என்றார் அவர்.

பின்னுக்குப் போவதை அடைத்துவிடுவது தன்னளவில் குற்றமில்லை. பழைய வானுக்குப் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், மலிவு. உள்ளதைச் சொல்லியிருந்தால் நானும் ஒருவேளை ஓம் என்றிருப்பேன். செய்யாத வேலைக்கு, போடாத சாமானுக்குக் காசு வாங்கினதுதான் கோபம்.

அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய றப்பரைக் குறட்டால் பிடித்து முறுக்கவேயில்லை, முறுக்கினால் துருப்பிடித்த குழாயும் சேர்ந்து உடையும். பிளேட்டால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தார். குழாயின் நுனியை அரத்தாளால் வழவழப்பாகும் வரை தேய்த்தார். நடுவில் உக்கிப்போன குழாயை வெட்டிவிட்டு, அந்த நீளத்துக்கு ஹீற்றர் றப்பரையே இழுத்தார். பின்பக்க வளைந்த துண்டுதான் சண்டித்தனம் பண்ணியது, இரண்டு கையும் சேர்ந்து நுழைய இடமில்லை. மூன்று தரம் ஏற்றிப் பார்த்தார், விளிம்பு வரை வந்துவிட்டு நின்றது. கழற்றி எடுத்து, கேத்திலில் சுடுதண்ணீர் வைத்து அதில் நுனியை அமிழ்த்தி, அது இளகும் மட்டும் தேத்தண்ணி குடித்தார். நாலாம் தரம் ஒரு சொட்டுச் சவுக்காரத் தண்ணீரோடு லேசாகத் திருப்பித் தள்ள, குழாய் நுனியில் இருக்கிற மேடு தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தது. ஸ்பிரிங் கிளிப்பைப் போட்டார். கடைசியில் காற்றையும் எடுத்துவிட்டு, "கையை வைச்சுப் பாரும்" என்றார். சூடு.

400, வரியோடு 452. பில்லோடு.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாகனத் திருத்தத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, நான் அதைப் பிறகுதான் வாசித்தேன். எழுத்தில் மதிப்பீடு தந்தால் அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி வாங்கமுடியாது. கழற்றின பழைய சாமானைத் திருப்பித் தரக் கேட்கலாம். புதுச் சாமானுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். நான் அன்றைக்கு "பழைய றப்பரைத் தாருங்கோ" என்று ஒரு வசனம் கேட்டிருந்தாலே குட்டு உடைந்திருக்கும், ஏனென்றால் கழற்றினால்தானே தருவதற்கு.

அந்த ஊதின குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு முதல் கராஜுக்குப் போனேன். முதலாளி அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "பில் இருக்கோ அண்ணை?" என்றார். இல்லை என்றேன். அப்ப ஒன்றும் செய்யேலாது, வேணுமென்றால் அடுத்த ஒயில் சேஞ்ச் சும்மா செய்துதாறன் என்றார். வெளியே வந்துவிட்டேன். கராஜின் பெயர் கேட்டு எழுதாதீர்கள், கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் பெயர் போட்டால் வழக்கு என் மேல் வரும்.