கியூஜிஐஎஸ்-ல ஸ்லோப், ஆஸ்பெக்ட்: பல வருஷம் யூஸ் பண்ணினதுல புரிஞ்சது

கியூஜிஐஎஸ்-ங்கற இலவச மேப் சாஃப்ட்வேர்ல ஸ்லோப், ஆஸ்பெக்ட் ரெண்டு டூலையும் பல வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். டெம் ஃபைலை (DEM, ஒவ்வொரு பிக்சல்லயும் அந்த இடத்தோட உயரம் இருக்கற மேப்) குடுத்து ரன் பண்ணினா கொஞ்ச நேரத்துல மேப் வந்துடும், அதுல ஒரு கஷ்டமும் இல்ல, ஆனா வர்ற நம்பரை எவ்வளவு தூரம் நம்பலாம்ங்கறது போகப் போகத்தான் பிடிபடும்.

ஸ்லோப்னா அந்த இடம் எவ்வளவு செங்குத்து, ஆஸ்பெக்ட்னா அந்தச் சரிவு எந்தத் திசையைப் பாத்து இறங்குது, அவ்வளவுதான். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180ன்னு கடிகாரம் சுத்தற மாதிரி போகும். ஸ்லோப்பை டிகிரிலயும் எடுக்கலாம் பர்சென்ட்லயும் எடுக்கலாம், 45 டிகிரிதான் 100 பர்சென்ட். யாராவது அனுப்பின லேயர்ல 60ன்னு இருந்தா எதுல 60ன்னு கேட்டுக்கோங்க, ஏன்னா 60 பர்சென்ட்னா 31 டிகிரிதான் வரும்.

முக்கியமான விஷயம் பிக்சல் சைஸ். டூல் ஒவ்வொரு பிக்சலையும் சுத்தி இருக்கற 8 பிக்சலோட உயரத்தை வச்சுத்தான் கணக்குப் போடுது (1981-ல வந்த ஹார்ன் முறை, டீஃபால்ட்டா இதுதான்). இப்ப 30 மீட்டர் உயரத்துக்கு நேரா நிக்கற ஒரு பாறைச் சுவர் இருக்கு, நம்ம டெம்மோட பிக்சலும் 30 மீட்டர்னு வைங்க. இந்தப் பக்கத்து பிக்சலுக்கும் அந்தப் பக்கத்து பிக்சலுக்கும் நடுவுல 60 மீட்டர் தூரம், அதுல 30 மீட்டர் ஏறுது, ஆக மேப்ல 27 டிகிரிகூட வராது. அங்க நிஜத்துல 90! அதனால நிலச்சரிவு மாதிரி விஷயத்துக்கு ஸ்லோப் மேப் போடறவங்க எந்த ரெசல்யூஷன்ல (அதாவது பிக்சல் சைஸ்ல) எடுத்ததுன்னு கண்டிப்பா எழுதணும், அது இல்லாத மேப்பை நான் நம்பறதே இல்ல.

டேட்டா விஷயத்துல, 2000-ல விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார்ல எடுத்த எஸ்ஆர்டிஎம் (SRTM) டெம்ல உயரம் முழு மீட்டர்லதான் இருக்கும், சமதளத்துல அது படிக்கட்டு மாதிரி துண்டு துண்டாத் தெரியும். ஐரோப்பாவோட கோப்பர்நிகஸ் திட்டம் தர்ற 30 மீட்டர் டெம்ல தசமம் இருக்கறதால அந்தத் தொல்லை இல்ல, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டுலயும் மரம், கட்டடம் எல்லாம் உயரத்துல சேர்ந்துதான் வரும், காட்டோட ஓரத்துல திடீர்னு ஒரு சரிவு தெரிஞ்சா அது மண்ணு இல்ல, மரத்தோட உயரமா இருக்கலாம்.

டவுன்லோட் பண்ற டெம் பெரும்பாலும் லாட்-லாங்ல (அட்சரேகை, தீர்க்கரேகைல) இருக்கும், அதாவது உயரம் மீட்டர்ல, தூரம் டிகிரில. அப்படியே ரன் பண்ணினா எல்லா இடமும் 90 டிகிரி கிட்ட போய் நிக்கும். ஸ்கேல்ல 111120 (ஒரு டிகிரிக்கு சுமாரா இத்தனை மீட்டர்) குடுத்து சமாளிக்கலாம்தான், ஆனா பூமத்திய ரேகையை விட்டுத் தள்ளிப் போகப் போக கிழக்கு-மேற்கு தூரம் சுருங்கறதால கணக்கு தப்பும், அதனால தூரத்தையும் மீட்டர்லயே அளக்கற யூடிஎம் (UTM) முறைக்கு மாத்திடறதுதான் நல்லது. மாத்தறப்ப ரீசாம்ப்ளிங்ல (புது பிக்சலுக்கு உயரம் கணக்குப் போடற முறை) பக்கத்து பிக்சல்களைக் கலந்து எடுக்கற பைலீனியர் வைங்க, கிட்ட இருக்கற ஒரே பிக்சலை அப்படியே எடுக்கற நியரஸ்ட் நெய்பர் வச்சா ஸ்லோப் லேயர் முழுக்க கோடு கோடா விழும்.

ஆஸ்பெக்ட்டைத் தனியாப் பாக்கவே கூடாதுன்னு சொல்வேன். சமதளத்துல அரை டிகிரி சாய்வு இருந்தாலும் அதுக்கும் ஒரு திசையைக் குடுத்துடும், அது வெறும் நாய்ஸ். நான் ஸ்லோப் 2 டிகிரிக்குக் கீழ இருக்கற இடத்தை மாஸ்க் பண்ணி ஒதுக்கிட்டுத்தான் ஆஸ்பெக்ட்டையே தொடுவேன். கலரும் சுத்தி வந்து ஆரம்பிச்ச கலர்லயே முடியற மாதிரி வைக்கணும், இல்லேன்னா 359-ம் 1-ம் ரெண்டுமே வடக்கா இருந்தும் வேற வேற கலர்ல நிக்கும். சராசரியும் அப்படித்தான், 350-யும் 10-யும் கூட்டி ரெண்டால வகுத்தா 180, வடக்கு பாத்த சரிவு தெற்குன்னு ஆயிடும். அதுக்கு ராஸ்டர் கால்குலேட்டர்ல (பிக்சல் பிக்சலா கணக்குப் போடற கியூஜிஐஎஸ் டூல்) ஆஸ்பெக்ட்டை ரேடியனுக்கு மாத்தி காஸ் (cos) எடுத்துடுங்க, வடக்குக்கு 1, தெற்குக்கு -1ன்னு வரும், எவ்வளவு வெயில் படும்னு பாக்கற வேலைக்கு எனக்கு மூல ஆஸ்பெக்ட்டை விட இந்த லேயர்தான் அதிகம் உதவுது.