தார்ப்பாய் கடையில் தைத்த நடைப் பை

முதுகில் எடை வைத்து நடக்க ஒரு பை வேண்டுமென்றால், ஆன்லைனில் தேடுவதற்கு முன்னால் கிருஷ்ணகிரியில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை எதிலாவது கேட்டுப் பாருங்கள். நான் அப்படி ஒரு சின்னக் கடையில் 900 ரூபாய்க்குத் தைத்து வாங்கினேன். ரொம்பத் திருப்தி.

மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. நாள் முழுக்க நாற்காலிதான். காலை நடை நெடுநாள் பழக்கம் என்பதால், எவ்வளவு நடந்தாலும் மூச்சே வாங்காத அளவுக்கு உடம்பு பழகிவிட்டது. பையில் எடை வைத்ததும் அதே தூரத்துக்கு நெஞ்சு, தொடை, முதுகு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. ஓட்டத்தில் முட்டிக்கு விழுகிற அடியும் இதில் இல்லை. இது பட்டாளத்திலிருந்து வந்த பயிற்சி. அமெரிக்கக் காலாட்படையில் திறமை பேட்ஜ் வாங்க, 35 பவுண்டு பையோடு 12 மைலை 3 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். நம் கணக்கில் 16 கிலோ, 19 கிலோமீட்டர். நமக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோடு தொடங்கினால் போதும். நான் 62 கிலோ, அதனால் 6 கிலோவில் ஆரம்பித்தேன்.

இதற்குக் காலேஜ் பை சரிப்படாது. எடை அடியில் இறங்கி இடுப்புக்குக் கீழே தொங்கும், நடக்க நடக்க இடித்துக்கொண்டே வரும். உடம்பு தானாகக் குனிந்து கழுத்தில் வலி ஏறும். தோள் வார் தைத்த இடமும் சீக்கிரம் பிரிந்துவிடும். எடை தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகோடு ஒட்டி, ஆடாமல் நிற்க வேண்டும். இந்த ஒன்று சரியாக இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னதும், "எத்தனை கிலோ வைப்பீங்க அக்கா?" என்று கேட்டார். இப்போது ஆறு, போகப் போகப் பத்து என்றேன். "அப்ப லாரிக்குப் போடுற பெல்ட்டே போட்டுடலாம்" என்று நைலான் பெல்ட்டை எடுத்துப் போட்டு அளந்தார். கித்தான் துணி, இரண்டு மடிப்பு. பைக்குள் மேல்பாதியில் தனியாக ஒரு அறை. அதற்குள் மணல் நிரப்பிய இரண்டு கிலோ பொட்டலங்கள் வரிசையாக உட்காரும். மேலே ஒரு வார் இழுத்துக் கட்டினால் அசையாது. வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். பத்து கிலோ வைத்தும் அங்கே ஒரு நூல்கூட இளகவில்லை.

குறை இரண்டு. முதலாவது, மார்புக்குக் குறுக்கே வரும் பெல்ட்டை ஆண்களுக்குத் தைப்பது போல ஒரே இடத்தில் நிலையாகத் தைத்துவிட்டார். பெண்களுக்கு அது அழுத்தும், மூச்சை இழுத்து விட முடியாது. திருப்பிக் கொண்டுபோனதும், மேலும் கீழும் நகர்த்துகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பெண்கள் தைக்கக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, தோள் வாரில் வைத்த ஃபோம் மெலிசு, சீக்கிரமே அமுங்கிவிட்டது. கெட்டி ஃபோம் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

கே.ஆர்.பி. டேம் பக்கம் சமதளத்தில் நடக்கும்போது மணல் பொட்டலங்கள்தான். சையத் பாஷா மலைக்கு மட்டும் மணலுக்குப் பதில் தண்ணீர் பாட்டில்கள் வைக்கிறேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கும் சுலபம். ஏறும்போது முழு எடையும் இருக்கும். முட்டிக்குச் சோதனை இறங்கும்போதுதான். அதனால் குடித்தது போக மிச்சத்தை மேலே ஏதாவது செடிக்கு ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலோடு இறங்குவேன். பாட்டில் தளும்பாமல் இருக்க வாய்வரை நிரப்ப வேண்டும். கித்தான் தடிமன் என்பதால் முதுகு வேர்க்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். முட்டி, இடுப்பில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தைக்க நான்கு நாள் ஆனது. தைக்கக் கொடுப்பவர்கள் ஏப்ரலுக்குள் கொடுத்துவிடுங்கள். மாங்காய் சீசன் ஆரம்பித்துவிட்டால் லாரிக்காரர்கள் தார்ப்பாயோடு வாசலில் நிற்பார்கள், நம் பைக்கு அவர் கை வைக்கவே நாளாகும்.