பழைய துறைமுகக் கரைக்குத் திட்டம் வரைந்து தரும் சேவை: படத்துக்கு ஐந்து, மண்ணுக்கு இரண்டு

கைவிடப்பட்ட துறைமுகக் கரையைச் சனம் மாலையில் வந்து உலாவும் இடமாக மாற்றத் திட்டம் வரைந்து தரும் ஆலோசனைச் சேவையைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். சிறு நகரங்களின் சபைகளுக்கும் பெரிய காணிக்காரருக்கும் விற்கப்படும் இந்தப் பொதியில் வழக்கமாகத் தள அறிக்கை, வரைபடங்கள், செலவு மதிப்பீடு என மூன்று பகுதி இருக்கும். திருகோணமலை உள்துறைமுகக் கரையில் ஒரு பழைய களஞ்சிய வளவுக்கு இதை வாங்கினால் எவை கைக்கு வரும், எவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்?

வரைபடங்களில் குறை சொல்ல இடமில்லை. நடைபாதை எங்கே வளைகிறது, தேநீர்க் கடை எங்கே நிற்கிறது என்பதைப் படிக்காதவருக்கும் புரியும்படி காட்டுகிறார்கள். கூட்டத்தில் வைத்துப் பேசுவதற்கு அது பெரிய உதவி. ஆனால் அறிக்கையின் பெரும்பகுதியை அந்தப் படங்களே பிடித்துக்கொள்கின்றன. மண்ணுக்கும் கரைச்சுவருக்கும் இரண்டு மூன்று பக்கம் மிஞ்சினால் அதிகம்.

இந்தக் கரைக்கு அது போதவே போதாது. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே தளம் வைத்திருந்தது. துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவில் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள் அந்தக் காலத்தின் எச்சம். கப்பலுக்கு எரிபொருள் ஏற்றிய, இரும்பு வெட்டிய, வண்ணம் சுரண்டிய கரைகளில் மண் சுத்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தில் 1956இல் மூடப்பட்ட எரிவாயு ஆலையைப் பூங்காவாக்கி 1975இல் திறந்தார்கள். மண்ணில் கிடந்த நச்சைப் பற்றிய கவலையில் 1984இல் அதைத் தற்காலிகமாக மூட வேண்டி வந்தது. திறந்து ஒன்பது வருடம் கழித்து!

மண் பரிசோதனையை இப்படிக் கேளுங்கள். ஒரு ஹெக்டயர் வளவை 20 மீற்றர் கட்டங்களாகப் பிரித்தால் 25 துளை வரும். ஒவ்வொன்றிலும் மூன்று ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டும்: மேல் 30 சென்ரிமீற்றருக்குள், ஒரு மீற்றரில், நிலத்தடி நீர் தொடும் மட்டத்தில். சிந்திய எண்ணெய் கீழே இறங்கி, நீர்மட்டத்தின் மேல் மிதந்து, பக்கவாட்டில் பரவும். அதனால் மூன்றாவது மாதிரிதான் உண்மையைச் சொல்லும். மலிவான பொதியில் நாலைந்து துளை, அதுவும் மேல்மண் மட்டும். எல்லாம் நல்ல மண் என்று முடிவு வருவது அதனால்தான். 75 மாதிரியையும் முழுப் பரிசோதனைக்கு அனுப்பத் தேவையில்லை. கையடக்க வாயு அளவியால் முதலில் சலித்து, சந்தேகமானவற்றையும் ஒப்பீட்டுக்குச் சில சுத்தமானவற்றையும் அனுப்பலாம். கண்ணாடிப் போத்தலில், விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் 4 பாகையில் போக வேண்டும். பிளாஸ்ரிக் பையில் போனால் ஆவியாகும் பகுதி வழியிலேயே போய்விடும், ஆய்வுகூடம் குறைந்த எண்ணைத்தான் தரும். எண்ணெய் ஐதரோகாபனோடு ஈயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். படகு ஏற்றி வண்ணம் பூசிய இடமாயின் திரிபியூட்டைல் தகரத்தையும் சேருங்கள். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் படகின் அடிப்பாகத்தில் பூசிய அந்த மருந்தை உலகளவில் தடுக்கும் உடன்படிக்கை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அடுத்தது கரைச்சுவர். பெரும்பாலான அறிக்கைகள் அதன் முகத்தைப் படம் பிடித்து 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிடுகின்றன. சுவர் கெடுவது முகத்தில் அல்ல, முதுகில். கல் இடுக்குச் சாந்து கழன்ற இடத்தில், நீர் வற்றும் ஒவ்வொரு தடவையும் பின்னாலுள்ள நுண்மணல் கொஞ்சம் வெளியே போகும். வருடக் கணக்கில் அங்கே ஒரு பொந்து விழும். மேலே புதுக்கல் பதித்து லொறி ஒன்று ஏறும் நாளில் தரை இறங்கும். கரைக்குச் சமாந்தரமாக ஓடும் வெடிப்பும், இரும்புக் கம்பியால் தட்டும்போது வரும் வெற்று ஒலியும் இதற்கு அடையாளம். சுழியோடி ஒருவரை இறக்கி அடிவாரத்தையும் பார்க்க வேண்டும், படகு விசிறி அங்கே மண்ணைத் தோண்டியிருக்கும். இரும்புத் தகட்டுச் சுவராயின் மீயொலி அளவியால் தடிப்பு எடுக்கச் சொல்லுங்கள், குறிப்பாகத் தாழ்நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே.

திருத்தம் செய்யும்போது நடக்கும் பெரிய பிழை, முகம் முழுக்கக் கொங்கிரீட் பூசி நீர்கசியும் துளைகளை அடைப்பது. மாரியில் பின்னால் தேங்கும் தண்ணீர் போக வழியில்லாமல் சுவரையே முன்னுக்குத் தள்ளும். பின்பக்கம் தோண்டி, மண்ணை ஒட்டி, தண்ணீரை விட்டு மண்ணை மறிக்கும் வடிதுணி விரித்து, சுவருக்கும் துணிக்கும் நடுவே கருங்கல் சல்லி நிரப்பி, துளைகளைத் திறந்தே விட வேண்டும். கடலுக்குள் நிரப்பி நடைபாதையை அகலப்படுத்துவோம் என்று படம் காட்டினால் கடலடி நிலத்தின் வெட்டுமுகத்தைக் கேளுங்கள். இது ஆழமான இயற்கைத் துறைமுகம். கடலடி சடுதியாகச் சரியும் இடத்தில் ஐந்து மீற்றர் வெளியே போவதற்கே மலைபோலக் கல் கொட்ட வேண்டி வரும்.

வடிகான் பற்றிப் பொதியில் ஒரு கோடுதான் இருக்கும். வாடை மாரியில், நவம்பர் டிசம்பரில், மழையும் உயர்ந்த கடல் மட்டமும் ஒன்றாக வருகின்றன. வாய்க்கால் வாய் நீருக்குள் மூழ்கினால் வெள்ளம் நகருக்குள் திரும்பும். ஒருவழிக் கதவு போடலாம். ஆனால் பொலித்தீன் பை ஒன்று சிக்கினாலே அது மூடாது. கதவுக்கு முன்னால் கம்பித் தட்டியும் மண்குழியும், இரண்டு பேர் தூக்கக்கூடிய மூடியும் வேண்டும், ஒக்டோபரில் துப்புரவு செய்ய ஆளும் வேண்டும். இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை: ஓகஸ்ற் கச்சான் காற்றுக் காலத்தில், மழையில்லாத நாளில், வடிகானோரம் நடந்து பாருங்கள். அப்போது ஓடுவது மழைநீர் அல்ல, யாரோ திறந்துவிட்ட கழிவுநீர். கொழும்பு புறக்கோட்டையில் 2014இல் திறந்த மிதக்கும் சந்தை மங்கிப்போனதில், அது நிற்கும் பேரை வாவியின் நாற்றத்துக்கும் பங்குண்டு. தண்ணீர் நாறினால் தேநீர்க் கடையில் ஆர் இருப்பார்?

பழைய களஞ்சியங்களை இடிக்காமல் பாவிக்கும் யோசனை நல்லது. கொழும்பு ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011இல் அப்படித்தான் உயிர்பெற்றது. சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சீமெந்து பூச விடாதீர்கள். உப்பும் ஈரமும் உள்ளே அடைபட்டுக் கல்லையே உதிர்க்கும். அஸ்பெஸ்ரோஸ் கூரையைச் சுத்தியலால் உடைக்காமல், நனைத்து, ஆணி கழற்றி, முழுத் தகடாக இறக்கித் தடித்த பொலித்தீனில் சுற்ற வேண்டும்.

படத்தில் நிற்கும் மரங்கள் அநேகமாக அலங்காரப் பனைகள், நிழல் தராதவை. பூவரசும் புன்னையும் உப்புக்காற்றைத் தாங்கும். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் நகருக்குள் சாதாரணமாகத் திரிவதை வெளியூர் வரைஞர் நினைப்பதில்லை. மானின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குக் கம்பிக்கூடு இல்லாவிட்டால் கன்று ஒரு கிழமை தாங்காது. கைப்பிடிக் கம்பிக்கு 304 அல்ல, உப்பைக் கூடத் தாங்கும் 316 தரத் துருவேறா உருக்கு என்று எழுதி வாங்குங்கள்.

எங்களுக்கு மிகவும் மனம் நோகும் விடயம் மீனவரைப் பற்றியது. வள்ளம் ஏற்றும் சரிவு, வலை பொத்தும் நிழல், எஞ்சின் திருத்தும் கொட்டில், ஐஸ் லொறி திரும்பும் இடம் எல்லாம் படத்தில் புல்வெளியாகிவிடுகின்றன. வரைபவர் விடிய நாலு மணிக்கு வந்து பார்த்தால் கரை யாருடையது என்று தெரியும். எத்தனை வள்ளம், எந்த நேரம், எந்தப் பருவத்தில் என்ற கணக்கு இல்லாத தள அறிக்கையை ஏற்க வேண்டாம்.

அனுமதிகளை அறிக்கையின் கடைசியில் பட்டியலாகப் போடுகிறார்கள், அவை முதலில் வர வேண்டியவை. உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதோடு துறைமுக அதிகாரசபை, கடற்படை, நகர அபிவிருத்தி அதிகாரசபை, தொல்பொருள் திணைக்களம் ஆகியவற்றில் எதற்கு எந்தத் துண்டில் பங்குண்டு என்று காணி வரைபடத்தில் நிறம் தீட்டித் தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் வரைந்த பாலம் அடுத்தவர் வேலியில் போய் முட்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. வாங்குவதாயின் கொடுப்பனவைப் பிரியுங்கள்: மண், சுவர், வடிகான், காணி அறிக்கை கைக்கு வந்து நீங்கள் ஏற்ற பிறகே வரைபடத்துக்கு முற்பணம். துளைகளின் ஆள்கூறுகளும் ஆய்வுகூட எண்களும் அட்டவணைக் கோப்பாக உங்கள் கையில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். அச்சுப் பிரதி மட்டும் கிடைத்தால் அடுத்து வரும் ஒப்பந்தகாரர் அதே 25 துளையை உங்கள் காசில் மறுபடி போடுவார்.