"இமேஜ் கரப்ட் ஆயிடுச்சுங்க்கா" என்று சொன்னால் உடனே பணத்தை நீட்டாதீர்கள்

ஈரோட்டில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஜவுளிக்கடை, மஞ்சள் மண்டி, மளிகை என்று 23 பேருடைய கணக்கு என் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. 2025 நவம்பரில் அது நின்றுபோனபோது ஒரு கடையில் நான் ஏமாந்ததை இங்கே எழுதுகிறேன். பேக்கப் எடுத்து வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள். நானும் எடுத்து வைத்திருந்தவள்தான்.

ஞாயிறுதோறும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் முழு சிஸ்டம் இமேஜ் எடுப்பேன், அதாவது விண்டோஸ், சாஃப்ட்வேர், டேட்டா எல்லாம் சேர்ந்த ஒரே பிரதி. விண்டோஸ் 10-இன் கண்ட்ரோல் பேனலில், விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கும் அந்தப் பழைய பேக்கப் வசதியில்தான். நவம்பர் 9 அன்றும் எடுத்தேன். 12-ஆம் தேதி புதன்கிழமை காலை பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

வழக்கமாகப் போகும் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். மதர்போர்டு போய்விட்டது, இவ்வளவு பழைய போர்டு இனிக் கிடைக்காது என்றார்கள். அது உண்மைதான், அதில் நான் குறை சொல்லவில்லை. புது மெஷினுக்குப் பணம் கட்டிவிட்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்து வைத்தேன். "இதுல முழு இமேஜ் இருக்கு தம்பி, புதுசுல ஏத்த முடியுமா?"

"அப்படியே வந்துரும்ங்க்கா. நாளைக்குச் சாயந்திரம் பழைய மாதிரியே ஓப்பன் பண்ணலாம். 1,500 மட்டும் சர்வீஸ் சார்ஜ்."

பழைய பெட்டியையும் டிஸ்க்கையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இரண்டையும் ஒரே கையில் கொடுத்தது என் தவறு.

வியாழக்கிழமை பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு ஃபோட்டோ வந்தது. நீல நிறத் திரை, நடுவில் ஒரு பெட்டி, அதற்குள் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. கூடவே குரல் பதிவு: "இமேஜ் கரப்ட் ஆயிடுச்சுங்க்கா. பழைய ஹார்ட் டிஸ்க்கும் அடி வாங்கிருக்கு. டேட்டா ரெக்கவரிக்குத்தான் அனுப்பணும், 8,500 ஆகும்." 20-ஆம் தேதிக்குள் எல்லோருக்கும் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். தாமதமானால் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் வட்டி. யோசிக்கவே இல்லை, யுபிஐ-யில் அனுப்பிவிட்டேன். 18-ஆம் தேதி டேட்டா வந்தது. இரண்டு இரவு தூங்காமல் வேலையை முடித்தேன்.

23-ஆம் தேதி ஞாயிறன்று என் பெரியம்மா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கோவையில் ஒரு மில்லில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறான். நடந்ததைச் சொன்னேன். முதலில் அந்த ஃபோட்டோவைக் கேட்டான். பெரிதாக்கிப் படித்துவிட்டு, "அக்கா, இதுல கரப்ட்னு ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றான்.

அதில் இருந்தது இதுதான்: வேறு வகை ஃபர்ம்வேர் உள்ள கம்ப்யூட்டரில் இந்த இமேஜை மீட்க முடியாது, இமேஜ் எடுத்த கம்ப்யூட்டர் பயாஸ், இது இஎஃப்ஐ. ஃபர்ம்வேர் என்பது போர்டிலேயே இருந்து, விண்டோஸுக்கு முன்பே ஓடி மெஷினைத் தொடக்கி வைக்கும் மென்பொருள். என் பழைய போர்டு பயாஸ் என்ற பழைய முறையில் பூட் ஆனது, புதியது யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை. செய்தியில் இஎஃப்ஐ என்று இருந்தது இதைத்தான். விண்டோஸின் இந்த ரீஸ்டோர் அதைச் சரிபார்த்துவிட்டு, பொருந்தாவிட்டால் ஆரம்பத்திலேயே மறுத்துவிடும். இமேஜில் எந்தக் குறையும் இல்லாமலே இந்தச் செய்தி வரும். போதாக்குறைக்கு, பழையது 500 ஜிபி டிஸ்க், எனக்கு விற்றதோ 256 ஜிபி எஸ்எஸ்டி. சின்ன டிஸ்க்கில் அந்த ரீஸ்டோர் எப்படியும் இறங்காது. "அப்படியே வந்துரும்" என்று சொன்ன அன்றே அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகி, 'விண்டோஸ் இமேஜ் பேக்கப்' என்ற ஃபோல்டருக்குள் போய், விஹெச்டிஎக்ஸ் என்று முடியும் பெரிய ஃபைலை இரண்டு தட்டுத் தட்டினான். அனுமதி கேட்டதற்குச் சரி கொடுத்தான். புதிதாக ஒரு டிரைவ் முளைத்தது. உள்ளே போனால் நான் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர், அதற்குள் கம்பெனிக்கு ஒன்றாக அந்த ஐந்து இலக்க எண்கள், வரிசையாக, ஒன்று விடாமல். எல்லாம் நவம்பர் 9 வரைக்கும். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இன்னொன்று அப்போதுதான் உறைத்தது. கடையில் 'மீட்டு'க் கொடுத்த டேட்டாவில் 10, 11 தேதிகளின் பதிவுகளும் இருந்தன. அவை இமேஜில் இருக்கவே முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், அதுவும் ஃபோல்டர் பெயர், தேதி எதுவும் கலையாமல். அடி வாங்கிய டிஸ்க்கிலிருந்து இவ்வளவு சுத்தமாக வருவது அபூர்வம் என்றான் தம்பி. ஒரு கேபிளில் மாட்டிக் காப்பி எடுத்ததற்குத்தான் 8,500.

அவன் அதோடு விடவில்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தான். 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்' என்று இருந்தது. தனியாக வேலை செய்யும் எனக்கு எந்த நிறுவனம்? என்னைக் கேட்காமலேயே, லைசென்ஸ் வாங்காமல் விண்டோஸை ஓட வைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டிருக்கிறார்கள். அது ஓட வேண்டும் என்பதற்காக, விண்டோஸின் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரில் சி டிரைவ் முழுவதையும் ஸ்கேன் செய்யாதே என்று வேறு குறித்து வைத்திருந்தார்கள். 23 பேருடைய ஜிஎஸ்டி பாஸ்வேர்டு போடுகிற மெஷின் அது. அன்றே அழித்துவிட்டு, பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிப் போட்டோம். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற மூன்று நாள் பிடித்தது.

இமேஜை வேறு மெஷினில் ஏற்றவே முடியாது என்று சொல்லவில்லை. அக்ரோனிஸில் யுனிவர்சல் ரீஸ்டோர், மேக்ரியமில் ரீடெப்ளாய் என்று இதற்காகவே வசதிகள் உண்டு. புதிய போர்டின் டிஸ்க் கண்ட்ரோலரை இயக்கும் மென்பொருளான டிரைவரை அவை உள்ளே நுழைத்துத் தரும். அது இல்லாமல் ஏற்றினால் 'இனாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரையில் நிற்க வாய்ப்பு அதிகம். பழைய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் போர்டில் யூஇஎஃப்ஐ இருந்தால், விண்டோஸ் 10-இல் 2017 முதல் கூடவே வரும் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவியால் டிஸ்க்கின் அமைப்பை யூஇஎஃப்ஐ-க்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொள்ளலாம். எப்படி ஏற்றினாலும், மெஷினோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்தப் பழைய போர்டோடு போய்விடும். எனக்கு இதெல்லாம் தேவையே இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டு, இமேஜைத் திறந்து டேட்டாவை மட்டும் எடுத்திருந்தால் புதன்கிழமை இரவே வேலையை ஆரம்பித்திருப்பேன்.

கடையில் இனி யாராவது "அப்படியே வந்துரும்" என்றால், பழையது பயாஸா யூஇஎஃப்ஐ-யா, எந்த சாஃப்ட்வேர் வைத்து ஏற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கரப்ட் என்றால், என் முன்னால் திறந்து காட்டுங்கள் என்று நில்லுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கொடுப்பதற்கு முன் இன்னொரு காப்பி எடுத்துவிடுங்கள். நல்லவேளை, என்னுடையதை அவர்கள் அழிக்கவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "டேட்டா கேட்டீங்க, குடுத்தோம்ல" என்றார் முதலாளி. பணம் தர முடியாது என்றுவிட்டார். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஒரு மணி நேரம் நின்று வாங்கி வந்தேன். இன்றுவரை குறையில்லாமல் ஓடுகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தொழிலுக்கு வாங்கியது செல்லாது என்று சிலர் பயமுறுத்தினார்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ரெக்கவரிக்கு அவர்கள் பில் தரவில்லை. என்னிடம் இருப்பது யுபிஐ ரசீதும், அந்தக் குரல் பதிவும், அவர்களே அனுப்பிய ஃபோட்டோவும்தான். மூன்றையும் இணைத்திருக்கிறேன்.